தரிப்பிட அபராதத்துக்கு ஒரு மேன்முறையீடு

மன்னாரைச் சேர்ந்த பெனடிக்ற், மனைவி அஞ்சலினா இறந்த பிறகு பாபகூரா என்ற வெளிநாட்டுப் புறநகரில் தனியாகத்தான் இருந்தார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள தனியார் தரிப்பிடத்தில் அவருடைய கார் நேரம் கடந்து நின்றதென்று ஒருநாள் அபராதக் கடிதம் வந்தது.

காரை அங்கே விட்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, திரும்பும் ரயில் ரத்தாகிவிட்டது. அவர் என்ன செய்வார்! மேன்முறையீட்டில் அதை எழுதத் தொடங்கியவர், முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அஞ்சலினாதான் கூட வருவாள் என்பதுவரை எழுதிவிட்டார்.

மூன்று கிழமைகள் கழித்து, அபராதத்தை நீக்கிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. மகளுக்குப் போன் எடுத்தார். "குட், அப்பா. வேலையில நிக்கிறன்," என்று வைத்துவிட்டாள்.

மனம் ஆறாமல் அந்தத் தரிப்பிடக் கம்பனிக்கே நன்றி எழுதினார். இந்த முகவரிக்கு வருவதை யாரும் வாசிப்பதில்லை என்று உடனே பதில் வந்தது.

"அப்ப நான் முதல் எழுதினதை ஆர் வாசிச்சது?" என்று வெறும் வீட்டில் வாய்விட்டுக் கேட்டார்.