உப்புக் குழாயில் வளராத கிருமி

1. கறுத்த குழாயும் கலங்காத குழாயும்

மூன்று பாட்டில்களில் இரத்தம் எடுத்தோம். மூன்றிலும் கிருமி வளர்ந்தது. ஒன்றில் மட்டும் வளர்ந்திருந்தால் ஊசி குத்தும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று தள்ளிவிடலாம். மூன்றிலும் வளர்ந்தால் அது நோயாளியின் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சேலத்தில் ஒரு நடுத்தர மருத்துவமனையின் லேபில் நான் டெக்னீஷியன். பதினோரு வருட சர்வீஸ் முடிந்திருந்தது. நோயாளி மோகனூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி பொன்னுசாமி, வயது ஐம்பத்திரண்டு, பத்தொன்பது நாள் காய்ச்சல். இருதய வால்வில் கிருமி உட்கார்ந்துவிட்டது என்று டாக்டர் சூசைராஜ் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். எந்தக் கிருமி என்று சொல்ல வேண்டியது நான்.

இப்போது மெஷினில் வைத்தால் பெயரே அச்சாகி வருகிறதாம். அன்று ஒவ்வொரு குழாயாகக் கேட்டுத்தான் பெயரை வாங்க வேண்டும். ஸ்லைடில் பார்த்தேன், மணிமாலை போலக் கோர்த்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ். பித்தநீர் கலந்த பைல் எஸ்குலின் குழாயில் போட்டேன், கரி போலக் கறுத்தது. கறுத்தால் என்டரோகாக்கஸ் என்று எழுதி அனுப்பிவிடுவது எங்கள் லேபின் வழக்கம். அடுத்து உப்புக் குழாய் ஒன்று உண்டு. ஆறரை சதவீத உப்பு கலந்த திரவம். அதில் என்டரோகாக்கஸ் வளர்ந்து குழாய் கலங்கும். அதற்கு இன்னும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகும். பத்துக்கு ஒன்பது முறை கலங்கத்தான் செய்யும் என்பதால் யாரும் அதைப் போடுவதில்லை.

நான் போடுவேன். வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன் நான். பாதியில் விட்ட வேலை இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

இரண்டு நாள் கழிந்தது. குழாய் கலங்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக நின்றது.

டாக்டர் லேபுக்கே வந்துவிட்டார். "என்ன மாணிக்கம், இன்னும் பேரு வெக்கலயா? என்டரோகாக்கஸ்னு எழுதிக் குடுங்க. அதுன்னா பென்சிலினோட ரெண்டாவது ஊசியும் சேத்துப் போடணும்."

"உப்புல வளரல டாக்டர்."

"உப்பை ஜாஸ்தியாப் போட்டிருப்பீங்க. ஊறுகாயே போட்டிருப்பீங்க."

அவர் சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையிலேயே ஜாஸ்தியாகப் போட்டிருந்தால்?

2. மரவள்ளி மாவு

உப்பை மூன்று தடவை நிறுத்தேன். புதிதாக ஆறு குழாய் தயாரித்தேன். மூன்றில் பொன்னுசாமியின் கிருமி. மற்ற மூன்றில் பழைய நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்து வைத்திருந்த, சந்தேகமே இல்லாத என்டரோகாக்கஸ். இதைத்தான் கன்ட்ரோல் என்கிறோம். தெரிந்ததைப் பக்கத்தில் வைத்துத் தெரியாததைப் பார்ப்பது.

மறுநாள் கன்ட்ரோல் மூன்றும் மோர் போலக் கலங்கின. பொன்னுசாமியின் மூன்றும் இரண்டாம் நாளும் தெளிவாகவே இருந்தன. உப்பு சரி. கிருமிதான் வேறு.

புத்தகத்தைப் புரட்டினேன். கறுக்கும், உப்பில் வளராது, மாவைக் கரைக்கும் என்று ஒரே ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குத்தான் எழுதியிருந்தது. போவிஸ். மாட்டின் குடலிலும் சில மனிதர்களின் குடலிலும் இருப்பது. பதினோரு வருடத்தில் அந்தப் பெயரை நான் ஒருமுறைகூட ரிப்போர்ட்டில் எழுதியதில்லை. மாவைக் கரைக்கிறதா என்று பார்க்க ஸ்டார்ச் பிளேட் வேண்டும். ஸ்டோரில் ஸ்டார்ச் பாட்டில் காலி. சேலத்தில் ஸ்டார்ச்சுக்கா பஞ்சம்? ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு பொட்டலம் மரவள்ளி மாவு வாங்கிவந்து பிளேட் ஊற்றினேன். கிருமியைக் கோடாக இழுத்து, வளர்ந்தபின் அயோடினை ஊற்றினேன். பிளேட் முழுக்க நீலம். கிருமி வளர்ந்த கோட்டைச் சுற்றி மட்டும் நீலம் ஏறாமல் ஒரு வெள்ளை விளிம்பு. மாவைத் தின்றிருந்தது.

ரிப்போர்ட்டை நானே எடுத்துப் போனேன். டாக்டர் இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து பீரோவைத் திறந்தார். கப்பலில் வந்து சேரும் வெளிநாட்டு மருத்துவ இதழ்கள், பாதி பிரிக்காமலே கிடந்தன.

"எங்கயோ படிச்சேன் மாணிக்கம். போவிஸ்னு. வாங்க, ஆளுக்குப் பாதி."

எனக்கு இருபத்தேழு இதழ், அவருக்கு இருபத்தாறு. என்னுடைய பத்தொன்பதாவதில் இருந்தது. டாக்டர் நின்றபடியே படித்துச் சொன்னார். இந்தக் கிருமி இரத்தத்தில் வந்தவர்களின் பெருங்குடலைப் பார்த்தால், பலரிடம் அங்கே கட்டி இருக்கிறது. சிலரிடம் புற்றுநோய். அவர்களில் சிலருக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை.

"வால்வுக்குப் பென்சிலின் போதும்," என்றார். "ஆனா இது எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்காம இந்தாளை வெளிய விட்டா, நாம பாதி வைத்தியம்தான் பாத்திருக்கோம்."

3. வெட்டு உத்தரவு

பொன்னுசாமியோ போவதற்குத் தயாராக இருந்தார். பென்சிலின் ஆரம்பித்த ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. நான்கு வாரம் ஊசி போடவேண்டும் என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. ஆலையிலிருந்து அவருடைய கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்திருந்தது. உத்தரவில் உள்ள தேதியில் வெட்டி அனுப்பாவிட்டால் முறை தள்ளிப்போகும், கரும்பு காய்ந்து எடை இறங்கும்.

டாக்டருக்கு எந்தெந்தக் குழாயில் என்னென்ன வந்தது என்று வரிசையாகச் சொல்ல நானும் வார்டில் கட்டிலருகே நின்றேன்.

"வெளிக்குப் போறப்ப ரத்தம் வருதாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க."

"எப்பவாச்சும்?"

"இல்லீங்க சாமி. எனக்குக் காய்ச்ச உட்டுப் போச்சுங்க. கரும்பு வெட்டோணும். நான் ஊட்டுக்குப் போவோணும்."

மூன்றாவது முறை கேட்டபோது, கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அவர் மனைவி பாவாயி வாயைத் திறந்தார். "ஏனுங்க, ரெண்டு வருசமா வெந்தயத்த ஊற வெச்சு மோருல கரைச்சுக் குடுக்கறனே, அது எதுக்குங்க?"

பொன்னுசாமி முறைத்தார். "அது சூடு. டிராக்டரு சீட்டுல உக்காந்தா ஆருக்குத்தான் சூடு புடிக்காது? அதைப் போயி ஆசுபத்திரியில சொல்லுவாங்களா?"

நாமக்கல் பக்கத்தில் அன்று எல்லாவற்றுக்கும் சூடுதான் காரணம். கண் சிவந்தால் சூடு, வாய் வெந்தால் சூடு, மலத்தில் இரத்தம் வந்தால் மூலச்சூடு. விளக்கெண்ணெயைத் தொப்புளில் வைத்து, மோரைக் குடித்து, அதை ஒரு நோயாகவே எண்ணாமல் வருடக்கணக்கில் நடமாடுவார்கள். பொன்னுசாமி பொய் சொல்லவில்லை. டாக்டர் நோயைக் கேட்டார். அவரிடம் இருந்தது சூடு.

அன்றே சிக்மாய்டோஸ்கோப் போட்டார்கள். ஆசனவாய் வழியே விடும் வளையாத இரும்புக் குழல், இருபத்தைந்து சென்டிமீட்டர் வரைதான் பார்க்கலாம். இருபத்தைந்திலும் ஒன்றும் இல்லை. கொஞ்சம் மூலம் மட்டும் இருந்தது.

"நாந்தான் சொன்னனல்லங்க," என்று பொன்னுசாமி வேட்டியை இறுக்கிக் கட்டினார். "பாத்தாச்சு. உட்டுருங்க. நாளானிக்கு வெட்டு."

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. என் குழாய்களை நம்பி ஒரு மனிதரை இன்னும் எவ்வளவு தூரம் படுத்தலாம்?

"ஆறு குழாய் டாக்டர்," என்றேன். "ஒரு மாவு பிளேட். கன்ட்ரோல் சரியா வந்திருக்கு. கிருமி தப்பில்ல. குழல்தான் பத்தல."

பேரியம் என்ற வெள்ளை மருந்தைக் குடலுக்குள் ஏற்றி எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அதற்கு ஒரு நாள் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பொன்னுசாமி பையைக் கையில் எடுத்துவிட்டார். பாவாயி அதை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"நீங்க படுங்க. கரும்ப நான் வெட்டி ஏத்திக்கறன்."

"நீயா? வெட்டாளுங்க உம்பட பேச்சக் கேப்பாங்களா?"

"இந்த ஒரு மாசமா ஆரு பேச்சக் கேட்டாங்களாமா? நீங்க காய்ச்சல்ல கெடந்தப்ப தண்ணி தானா பாஞ்சுதா?"

அவர் படுத்துவிட்டார்.

மறுநாள் பேரியம் எடுத்தார்கள். எக்ஸ்ரே அறை வாசலில் நான் நின்றதற்குக் காரணம் சொல்ல முடியாது. அங்கே எனக்கு வேலை இல்லை. ஈரப் படத்தைக் கிளிப்பில் தொங்கவிட்டு டாக்டர் பென்சிலால் காட்டினார். இடது பக்கம், குழல் எட்டும் இடத்துக்கு மேலே, வெள்ளைக் குடலுக்குள் ஒரு நெல்லிக்காய் அளவு கறுப்பாக, பேரியம் நிரம்பாத ஓர் இடம்.

"உங்க குழாய் பேசிடுச்சு மாணிக்கம்," என்றார்.

பெருமையாகத்தான் இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

4. பதினான்கு

நான்கு வாரப் பென்சிலினை முடித்து, இரத்தத்தில் கிருமி இல்லை என்று மூன்று பாட்டில்களில் உறுதி செய்தபின் ஆபரேஷன். வெட்டியெடுத்த குடல் லேபுக்கு வந்தது. வாரம் ஒருமுறை வரும் பெதாலஜிஸ்ட் அறுத்துப் பார்த்தார். கட்டி புற்றுநோய்தான். ஆனால் குடலின் தசையைத் தாண்டவில்லை.

குடலை ஒட்டிய நெறிக்கட்டிகளுக்கு, அதாவது நிணநீர் முடிச்சுகளுக்கு, பரவியிருக்கிறதா என்பதுதான் மீதிக் கேள்வி. அவற்றைக் கொழுப்புக்குள்ளிருந்து விரலால் தடவித் தடவி எடுக்க வேண்டும். பயறு அளவுதான் இருக்கும். ஏழெட்டு கிடைத்ததும் போதும் என்பார்கள். நான் பதினான்கு எடுத்தேன். பதினான்கையும் மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தேன். பெதாலஜிஸ்ட் ஒவ்வொன்றாகப் பார்த்து, "இதுல இல்ல" என்று சொல்லச் சொல்ல நான் கோடு போட்டேன். பதினான்கு முறை சொன்னார்.

வாழ்நாளெல்லாம் எதையாவது எண்ணிக்கொண்டே இருந்தவன் நான். அவற்றில் எனக்கு மிகப் பிடித்த கணக்கு அதுதான். பதினான்கில் பூஜ்யம்.

தையல் பிரித்த பிறகு பொன்னுசாமி மனைவியோடு லேபுக்கு வந்தார்.

"ஏனுங்க, அந்தக் கிருமிதான் கட்டிய உண்டாக்குச்சுங்களா? இல்ல கட்டி இருந்ததால கிருமி உள்ள பூந்துச்சுங்களா?"

நான் டாக்டரிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தேன். அவர் சொன்னதையே சொன்னேன். "உலகத்துல யாருக்கும் இன்னும் சரியாத் தெரியாதுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்குதுன்னு மட்டும் தெரியும்."

"அந்தக் கிருமியக் கொஞ்சம் காட்டுங்க பாக்கலாம்."

பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். ஊசிமுனை அளவுச் சாம்பல் புள்ளிகள். அவர் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனூண்டுங்களா?" என்றார். "காட்டிக்குடுக்கறதுக்கு இது போதுமாட்ட இருக்குதுங்க."

"ரெண்டு வருசத்துக்கு முன்னயே ஆசுபத்திரிக்குப் போலாம்னு நாஞ்சொன்னப்ப கேட்டிருந்தா இத வேற பாக்க வேண்டியதில்ல," என்றார் பாவாயி. கரும்பு முப்பத்தெட்டு டன் போயிருந்தது, போன வருடத்தைவிட இரண்டு டன் கூடுதல். அதையும் அவரே சொன்னார்.

குடல் கிருமிகளில் எவை புற்றுநோயைத் தூண்டுகின்றன, எவை அது வந்தபின் குடியேறுகின்றன என்று இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். போவிஸின் பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள். லேபுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பத்தில் ஒன்பது முறை சரியாக வரும் வழக்கம் நல்ல வழக்கம்தான். ஆனால் உங்கள் முன்னால் இருக்கும் குழாய் அந்த ஒன்பதைச் சேர்ந்ததா, மீதி ஒன்றா என்பது அதைக் கடைசிவரை பார்த்தால்தான் தெரியும். அந்த ஒன்றுக்கு ஓர் ஊர் இருக்கிறது, வெட்ட வேண்டிய கரும்பு இருக்கிறது. அதன்பின் பொன்னுசாமி பத்தொன்பது முறை கரும்பு வெட்டினார்.