தம்பி இன்று பதில் சொல்லவில்லை

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் தம்பியைப் பார்க்க இன்று முள்ளிப்பட்டு போயிருந்தேன்.

"அவருக்கு யாரையும் தெரியல பெரிப்பா. பேச்சு குடுக்காதீங்க, பேஜாராயிடுவாரு" என்றான் அவன் மகன்.

எனக்கே சொல்கிறான்.

எழுபதுகளில் நானும் தம்பியும் ஒரே தறியில் கோர்வைச் சேலை நெய்தோம். ஒரு கரைப் பக்கம் நான், மறு கரைப் பக்கம் அவன். இருவரும் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள். பழைய அகராதி ஒன்றை வாங்கி நாங்களாகவே இங்கிலீஷ் படித்தோம்.

ஊடை நூல் கோத்த நாடாவை அவன் பக்கம் தள்ளிக்கொண்டே, "வீக்குன்னா வாரம்" என்பேன். "வீக்குன்னா பலவீனம்ணே" என்று அவன் திருப்பித் தள்ளுவான். 'வீவர்' என்பதில் வரும் 'அர்' ஆளைச் சொல்கிறது, 'ஸ்மாலர்' என்பதில் வரும் 'அர்' அளவைச் சொல்கிறது என்று அதற்கும் போட்டி நடக்கும்.

இன்று அவன் காதருகே குனிந்தேன். "வீக்குன்னா வாரம்டா."

வாய் அசையவில்லை. வலது கை மட்டும் போர்வைமேல் மெல்ல நகர்ந்தது, நாடா தள்ளுகிற மாதிரி.

"அது நரம்பு இழுக்கறது பெரிப்பா."

"உனக்கு இன்னாடா தெரியும்? அந்தக் கைக்கு எதிர்லயே குந்திகினு இருந்தவன் நான்."

எனக்குத் தெரிந்த ஒரே ஓசைச் சொல் ஜோடிகளையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். கை மறுபடி நகரவில்லை.

நாளைக்கும் போவேன். ஒரே ஓசையில் வேறு வேறு அர்த்தம் தரும் இங்கிலீஷ் சொற்கள் தெரிந்தால் கீழே கமெண்டில் எழுதுங்கள். சுலபமானதாக இருக்கட்டும். அவனுக்குத் தோற்றுப் பழக்கமில்லை.