சொட்டு எண்ணிய பதினான்கு நாட்கள்

ஆம்பூரிலிருந்து வேலூர் கல்லூரி விடுதிக்குக் கிளம்பிய அன்று, என் ஷூ கம்பெனி அடையாள அட்டையை அம்மா சமையலறை ஆணியில் மாட்டி வைத்தாள். வேலையை விட்டு நிற்பவர்கள் அட்டையை டைம் ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. அதே கம்பெனியில் தையல் பிரிவில் வருஷக்கணக்காக இருப்பவள்.

"ஏம்மா, இதக் குடுக்கலியா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும். ஒரு அரியர் வெச்சாலும் நேரா லைனுக்கு வந்துடணும். அதான பேச்சு?"

அதுதான் பேச்சு. நானே வாய் கொடுத்து ஒப்புக்கொண்ட பேச்சு. ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் நானும் கம்பெனிக்குப் போனேன். முதலாமாண்டு வேதியியல் மொத்தமும் ஆன்லைனில்தான் நடந்தது. முக்காட்டுக்குள் ஒரு காதில் இயர்போன், அதில் வகுப்பு. கையில் பிரஷ். ஷூவின் மேல்தோல் ஓரத்தில் ஒட்டும் சொல்யூஷன் தடவி, மடித்து, சுத்தியலால் தட்டி அடுத்த ஆளிடம் தள்ள வேண்டும். என் கை வேகத்தைப் பார்த்து சூப்பர்வைசர், "இந்தப் பொண்ணு இருந்தா டார்கெட்டுக்கு நான் கவலைப்பட வேணாம்" என்பார். பொய் சொல்வானேன், அதைக் கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நல்ல வேலைக்காரி என்று பெயர் எடுத்தவளை எந்த லைனும் சுலபத்தில் விடாது. அம்மாவும் விட மாட்டாள்.

கல்லூரி திறந்தபோது, முதலாமாண்டு செய்முறைத் தேர்வை நேரில் நடத்தப்போவதாகச் சொன்னார்கள். அதற்கு முன் பத்து நாள் ஆய்வகத்தில் பயிற்சி. அதுவரை பியூரெட் என்ற அளவுக் குழாயை நான் அம்மாவின் செல்போனில், விரலளவு படமாகத்தான் பார்த்திருந்தேன். பாசஞ்சர் ரயில் ஓடவில்லை, பஸ்ஸை நம்ப முடியாது. அதனால் விடுதி.

விடுதியில் மூன்றாவது நாள் என் அறைத்தோழிக்குக் காய்ச்சல். நான்காவது நாள் அவளை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஐந்தாவது நாள் காலை எங்கள் மாடி முழுவதையும் பின்னால் இருந்த பழைய கட்டடத்துக்கு மாற்றினார்கள். ஆளுக்கு ஓர் அறை, பதினான்கு நாள், வாசற்படி தாண்டக் கூடாது. வாசலில் ஒரு ஸ்டூல். சாப்பாடு அதன்மேல் வரும்.

எங்கள் வீட்டில் இரண்டே அறை, ஐந்து பேர். தனி அறை என்ற ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. முதல் நாள் கட்டிலில் கையைக் காலை விரித்துப்போட்டு ராணி மாதிரி தூங்கினேன். இரண்டாம் நாள் சுவரைப் பார்த்தேன். மூன்றாம் நாள் விரல்விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தேன். இன்னும் தொடங்காத பத்து நாள் பயிற்சியும் இந்தப் பதினான்கு நாளுக்குள்ளேயே முடிந்துவிடும். நான் வெளியே வந்த இரண்டாம் நாள் தேர்வு.

அம்மா கொடுத்தனுப்பிய செல்போனில் ஆய்வக மேடத்துக்குப் போன் செய்தேன்.

"நீ ஆப்சென்ட் ஆயிடும்மா. அடுத்த வருஷம் அரியரா எழுதிக்கோ. உன் மேல தப்பில்லையே" என்றார். உண்மையான பரிவோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"பதினாலு நாள் முடிஞ்சிட்டா நான் எக்ஸாமுக்கு வரலாம் இல்ல மேடம்?"

"வரலாம். ஆனா கை பழகணுமே. எங்க பழகுவே?"

"வர்றேன் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகு ஒரு மூச்சு அழுதேன்.

ஆய்வகத்தில் எங்களுக்கு வைக்கப்போகும் சோதனை பெரிய வித்தை ஒன்றுமில்லை. குடுவையில் அமிலம் இருக்கும். அதில் நிறம் மாறும் மருந்து இரண்டு சொட்டு விட்டிருப்பார்கள். மேலே நிற்கும் பியூரெட் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, இடது கையால் திருகைப் பிடித்து, வலது கையால் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சொட்டில் நிறம் மாறும். அங்கே நிறுத்தி அளவைக் குறிக்க வேண்டும். திரும்பச் செய்தாலும் அதே அளவு வர வேண்டும். அந்த ஒரு சொட்டைத் தாண்டிவிட்டால் போச்சு, முதலிலிருந்து.

வழி காட்டியது என் வெள்ளைத் துப்பட்டா. ஆவி பிடிக்கச் சொல்லி ஒவ்வோர் அறைக்கும் கெட்டிலும் மஞ்சள்தூளும் கொடுத்திருந்தார்கள். மஞ்சள் தண்ணீர் துப்பட்டாவில் சிந்திவிட்டது. வாளியில் சோப்புத்தூள் போட்டு ஊற வைத்தேன். கறை பளிச்சென்று சிவந்தது. எல்லார் வீட்டுத் துணியிலும் நடப்பதுதான். ஆனால் அன்றைக்கு அந்த வாளியைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காரத்தில் நிறம் மாறுகிற மருந்து கைவசம் இருக்கிறது. காரம் சோப்புத்தூளில் இருக்கிறது. இனி அமிலம்தான் வேண்டும்.

சாப்பாடு கொண்டுவந்த சமையல்கார அக்காவிடம் எலுமிச்சம்பழம் கேட்டேன்.

"சளி ஜாஸ்தியாம்மா?"

"இல்லக்கா, படிக்கறதுக்கு."

அக்கா என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். ஆனால் மறுவேளைச் சாப்பாட்டோடு நான்கு பழம் இருந்தது.

பியூரெட்டுக்குப் பதில் தண்ணீர் பாட்டில். அடியில் ஊக்கால் ஒரு துளை போட்டேன். மூடியை இறுக்கினால் சொட்டாது. லேசாகத் தளர்த்தினால் சொட்டும். சோப்புத்தண்ணீரை நிரப்பி, அதே துப்பட்டாவால் ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். கீழே எவர்சில்வர் டம்ளரில், இருமல் மருந்து மூடியால் அளந்த எலுமிச்சைத் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள். இடது கை மேலே மூடியில், வலது கை கீழே டம்ளரில். பாட்டிலில் அளவுக்கோடு கிடையாது. அதனால் சொட்டுகளை எண்ண வேண்டும்.

எண்ணிக்கையில் கவனம் போனால் நிறம் தப்பியது. நிறத்தைப் பார்த்தால் எண்ணிக்கை தப்பியது. வாய்விட்டு எண்ணினேன்.

"யா அல்லா! இன்னா காலைலேந்து ஒண்ணு ரெண்டு சொல்லினுகிறே? பைத்தியம் புடிச்சிருச்சா?"

பக்கத்து அறை ஜன்னலிலிருந்து குரல். பேரணாம்பட்டுக்காரி, என் வகுப்புதான். ஒரு வருஷமாகத் திரையில் வட்டத்துக்குள் ஓர் எழுத்தாக மட்டும் தெரிந்தவள். விடுதியிலும் முகக்கவசம்தான் என்பதால் அவள் முகத்தை நான் அப்போதும் பார்த்திருக்கவில்லை. இரண்டு ஜன்னலுக்கும் நடுவே ஒரு சுவர்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கிட்ட தஸ்பீஹ் கவுண்ட்டர் கீது. ஓதறத எண்ண வெரல்ல மாட்டிக்கினு அமுக்கறது. நீ சொட்டு உழும்போது 'உம்' சொல்லு, நான் அமுக்கறேன். நீ கலர மட்டும் பாரு."

"தொழுவறதுக்கு வெச்சிருக்கறதாச்சே?"

"படிப்புக்குத்தான? அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. ஆரம்பி."

அப்படித்தான் எங்கள் ஆய்வகம் தொடங்கியது. நான் "உம்" என்பேன், சுவருக்கு அந்தப் பக்கம் "டிக்" என்று கேட்கும். டம்ளர் சிவந்ததும் "ஸ்டாப்" என்பேன். முதல் தடவை நாற்பத்து மூன்று. அடுத்தது ஐம்பத்தொன்று. அதற்கடுத்தது நாற்பத்தாறு. இரண்டு நாள் முழுக்க ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

"ஒவ்வொரு வாட்டி ஒவ்வொண்ணு வருதே. நீ இன்னா பீஸுக்கு இவ்ளோன்னு கூலிக்கா வேல செய்றே? சொட்டு மழ மாதிரி உழுது, எனக்கு அமுக்கவே முடில" என்றாள்.

அவளுக்கு என் கம்பெனி வேலை தெரியாது. சும்மா சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. "எண்ண முடியலன்னா உட்டுடு" என்று ஜன்னலைச் சாத்திவிட்டேன். என் கோபம் அப்படி. மூக்குக்கு மேல் வரும். அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை.

ஆனால் சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து என் கையையே பார்த்தேன். அவள் சொன்னது சரி. இந்தக் கை மூடியைத் தொட்டதும் முடித்துத் தள்ளத்தான் பார்க்கிறது. டம்ளர் மஞ்சளிலிருந்து லேசாக ஆரஞ்சுக்கு வரும்போதே, வேலை முடியப்போகிறது என்று மூடியை இன்னும் தளர்த்துகிறது. அங்கேதான் நிதானிக்க வேண்டும். கம்பெனியில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே இங்கே என் காலை வாரிவிடுகிறது. இந்தக் கையோடு தேர்வுக்குப் போனால் அரியர்தான், ஆணியில் தொங்குகிற அட்டைதான். அது நடக்காது என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை கபசுரக் குடிநீரைக் கண்ணை மூடிக் குடித்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன்.

"கீறியா?"

"எங்க போவேன்? பூட்டு போடாத ஜெயிலு" என்றாள். "கோவம் போச்சா?"

"கம்மியாச்சு. கவுண்ட்டர் எடு."

பாதி வரை வேகமாக விட்டேன். பிறகு ஒரு சொட்டு. சுழற்றல். மூச்சு இழுத்து விடுதல். அடுத்த சொட்டு. "தூங்கிட்டியா?" என்பாள் அவள். நான் நிறத்தையே பார்த்திருப்பேன். கை துடித்தது, உண்மையாகவே அரித்தது. ஒரு நாளில் இருபது தடவை செய்தேன். ஒன்பதாவது நாள் நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு. பத்தாவது நாள் நாற்பத்தேழு, நாற்பத்தேழு. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கத்திய கத்தலில் வார்டன் கீழேயிருந்து விசில் ஊதினார். அதன்பின் அவளும் ஒரு பாட்டிலில் துளை போட்டாள். அவள் "உம்" சொல்ல, நான் எண்ணினேன்.

பன்னிரண்டாவது நாள் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்கள். இரண்டு பேருக்கும் நெகட்டிவ்.

தேர்வன்று ஆய்வகத்தில் மேசைக்கு ஒருவராக நிற்க வைத்தார்கள். என் கண்ணெதிரே நிஜமான பியூரெட், கண்ணாடி, பளபளவென்று. பரிசோதகர் "ஸ்டார்ட்" என்றதும் என் இடது கை நேராக மேலே போய்க் குழாயின் உச்சியைத் தடவியது. அங்கே மூடி ஏது? திருகு கீழே இருந்தது.

"அங்க என்னம்மா தேடறே?" என்றார் பரிசோதகர்.

"ஒண்ணுமில்ல மேடம்." முகக்கவசம் இருந்ததால் என் அசட்டுச் சிரிப்பு தப்பித்தது.

திருகு பழக நேரம் பிடித்தது. முதல் அளவு இருபத்தொன்று புள்ளி இரண்டு. இரண்டாவது இருபது புள்ளி எட்டு. ஒட்டவில்லை. மற்றவர்கள் கணக்கை எழுதிக்கொண்டிருந்தார்கள். "பத்து நிமிஷம்" என்றார் பரிசோதகர். பக்கத்து மேசைப் பெண், பத்து நாள் பயிற்சிக்கும் வந்தவள், தலையைத் திருப்பாமல் கிசுகிசுத்தாள்: "இருபது புள்ளி நாலு போட்டுடு. நாங்கல்லாம் அதான்."

பேனாவைக் கையில் எடுத்தும்விட்டேன், அதை மறைப்பானேன். அந்த எண்ணைப் போட்டால் தப்பிக்கலாம். ஆனால் என் குழாயில் வராத எண்ணை எழுதவா அத்தனை நாள் சுவரோடு "உம்" கொட்டினேன்? பேனாவை வைத்துவிட்டுக் குடுவையைக் கழுவினேன்.

மூன்றாவது தடவை. இருபது வரை ஓடவிட்டேன். பிறகு நிறுத்தி, ஒரு சொட்டு. சுழற்றல். மூச்சு. என்னை அறியாமல் "உம்" என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு மேசை தள்ளி நின்ற பேரணாம்பட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். அவள் கட்டைவிரல் தானாக அமுங்கியது. "அஞ்சு நிமிஷம்" என்ற குரல் கேட்டது. கை ஓடத் துடித்தது. விடவில்லை. குழாயின் நுனியில் தொங்கிய சொட்டு விழுந்தது. குடுவை இளஞ்சிவப்பானது, அப்படியே நின்றது. இருபது புள்ளி எட்டு.

ஒவ்வொரு மேசைக்கும் வேறு வேறு கரைசல் வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

முடிவு சில வாரம் கழித்துப் போனில் வந்தது. முதல் மதிப்பெண் எல்லாம் இல்லை. பாஸ், அரியர் இல்லாமல். அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனேன். அம்மா போனை வாங்கி இரண்டு தடவை பார்த்தாள். "சூப்பர்வைசர் கேட்டுனே கீறாரு, லைன்ல ஆள் கம்மியாம்" என்று மட்டும் சொன்னாள். நான் ஆணியிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டேன். அம்மா தடுக்கவில்லை.

கம்பெனி வாசலில் ஷிப்ட் தொடங்கும் நேரம். வாட்ச்மேன் அண்ணன் என் நெற்றியில் காய்ச்சல் கருவியை நீட்டிப் பார்த்தார். கையில் அட்டையைப் பார்த்ததும் கேட்டை அகலத் திறந்தார்.

"லேட்டாய்ட்ச்சும்மா, ஓடு ஓடு."

"ஓடலண்ணா" என்றேன். "இதக் குடுத்துட்டுப் போவத்தான் வந்தேன்."