மேகலாவுக்கு வலிக்காத இசை

செந்துறைப் பக்கம் எங்கள் ஊரில் சத்தமில்லாமல் எதுவும் நடக்காது. காது குத்தினாலும் குழாய் கட்ட வேண்டும், மஞ்சள் நீராட்டுக்கும் கட்ட வேண்டும், செத்தாலும் கட்ட வேண்டும். தென்னை மரத்தில் ஏற்றிக் கட்டுகிற ஒலிபெருக்கியைத்தான் குழாய் என்போம். அதை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன் என் அடுத்த வீட்டு ஜெயசீலன். அவனுக்குப் போய் சத்தமே ஆகாத மகள் பிறந்தாள். கடவுளுக்குக் கண் இருக்கிறதோ இல்லையோ, குசும்பு நிறைய இருக்கிறது.

மேகலா என்று பெயர். குக்கர் விசில் அடித்தால் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். ஆடி மாதம் கோயிலில் பாட்டுப் போட்டால் சுவரில் தலையை மோதுவாள். பேய் என்றார்கள், வேப்பிலை அடித்தார்கள். கடைசியில் பெரம்பலூரில் ஒரு டாக்டரம்மாதான் ஆட்டிசம் என்று சொன்னார்.

"நமக்குக் கேக்குற சத்தம் இவளுக்குச் சூடு வச்ச மாதிரிங்க. மெதுவான இசை எதாவது பழக்கிப் பாருங்க" என்றார்.

மெதுவான இசை என்று சொல்வது எளிது. சத்தத்தைக் குறைத்தால் மெதுவாகிவிடும் என்றுதான் ஜெயசீலனும் நினைத்தான். தாலாட்டு போட்டான், பாடுகிறவளின் குரல் உச்சிக்குப் போனதும் மேகலா காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்தாள். நீலாம்பரி ராகம் கேட்டால் பிள்ளைகள் தூங்கும் என்று யாரோ சொன்னதை நம்பி வயலின் போட்டான். எழுந்து தெருவுக்கு ஓடினாள். வீணையில் தந்தியைச் சுண்டும் ஒவ்வொரு முறையும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டவனுக்குத் தன் பிள்ளைக்கு ஒரு பாட்டுக் கிடைக்கவில்லை.

"ஊரையே செவிடாக்குன பாவத்துக்குப் பரிகாரம் பண்றியாடா?" என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"இல்லடா, கண்டுபுடிச்சிட்டேன். அவளுக்குச் சத்தம் பெருசா சின்னதாங்கிறது அப்புறம். திடீர்னு வரக் கூடாது. அதான் விஷயம்."

புல்லாங்குழல் ஆலாபனை ஒன்றை எடுத்தான். கீழ் ஸ்தாயியிலேயே உலவுகிற இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மிருதங்கம் சேரும் இடத்தை வெட்டினான். கீச்சென்ற ஓசையை ஆம்ப்ளிஃபயரில் அடக்கினான். தொடங்குவதே தெரியாமல் ஒன்றுமில்லாததிலிருந்து ஏறி, முடிவதும் தெரியாமல் இறங்கும்படி செய்தான். அதைச் சின்ன ஸ்பீக்கர் பாக்ஸில் போட்டபோது மேகலா கட்டிலுக்கடியிலிருந்து தானாக வெளியே வந்தாள். அவன் மனைவி லீலாவதி என் வீட்டுக்கு ஓடி வந்து அழுதாள்.

அதன்பிறகு அந்தக் குழல் ஒலித்தால்தான் மேகலா சாப்பிடுவாள். அது ஒலித்தால்தான் லீலாவதி அவளுக்குத் தலை வார முடியும், குளிப்பாட்ட முடியும். மற்ற நேரத்தில் தண்ணீர் பட்டாலே அலறுகிற பெண். இருவருமாக அவளை வளர்த்தார்கள் என்பதைவிட, அந்த இசையைக் கைப்பிடித்துக்கொண்டு மூவரும் பிழைத்தார்கள் என்பதே சரி. அவளுக்குப் பதினெட்டு வயதாகும்வரை அது கைவிடவில்லை.

போன ஆவணியில் முந்திரிக்காட்டில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த லீலாவதி மயங்கி விழுந்தாள். அரியலூர் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்ததாகச் சொன்னார்கள்.

மைக் செட் வாடகைக்கு விடும் செட்டுக்காரர்களுக்குள் ஒரு முறை உண்டு. ஒருவன் வீட்டில் சாவு விழுந்தால் சுற்றுப்பட்டில் இருக்கும் செட்டுக்காரர்கள் எல்லாரும் தங்கள் குழாய்களைக் கொண்டுவந்து சும்மாவே கட்டுவார்கள். எத்தனை குழாய் அலறுகிறதோ அத்தனை மரியாதை. திருமானூரிலிருந்து வேணுகோபால் வேனோடு வந்து இறங்கினான். பறையடிப்பவர்களுக்கும் சொல்லியாகிவிட்டது.

ஜெயசீலன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணு, கொட்டு வேணாம், வேட்டு வேணாம், ஒண்ணும் வேணாம்டா. எம் புள்ள தாங்காது."

ஜெயசீலனின் அக்கா அமிர்தவல்லி பிணத்தின் பக்கத்திலிருந்தே கத்தினாள். "ஊருல எவன் செத்தாலும் மொழக்குனவன், தாலி கட்டுனவள ஊமையா அனுப்புவியாடா? அவ என்ன அநாதையா?"

வேணுகோபால்தான் வழி சொன்னான். "செட்டு பாடாம எடுக்குறது நமக்கு அசிங்கம்டா. என்ன பாட்டுன்னு நீயே போடு. சவுண்டும் நீயே வச்சுக்க."

ஜெயசீலனிடம் மகளுக்கு வலிக்காத இசை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைப் போட்டான். கட்டிய குழாய்கள் அத்தனையிலும் முணுமுணுப்பாய் அந்தப் புல்லாங்குழல் வந்தது. மேகலா அலறவில்லை. தாயின் தலைமாட்டில் உட்கார்ந்து தன் சடையைத் தானே தடவிக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டியதைப் பார்த்தாள், பாடை கட்டியதைப் பார்த்தாள், நாலு பேர் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பியதையும் பார்த்தாள். குழல் நிற்கவேயில்லை. இப்படி ஒரு அமைதியான சாவை நான் கண்டதில்லை. மகராசிக்கு நல்ல வழியனுப்பு என்று ஊரே அவனை மெச்சியது.

மறுநாள் சோறு பிசைந்து வைத்துவிட்டு அவன் குழலைப் போட்டான். மேகலா எழுந்து வாசலுக்கு ஓடித் தெருமுனையைப் பார்த்தாள். திரும்பி வந்து சுவரில் மோதினாள். நெற்றி பிளந்தது. சவுண்ட் கூடிவிட்டதோ என்று குறைத்துப் பார்த்தான். வேறு குழல், வேறு ராகம் எல்லாம் தேடினான். எது தொடங்கினாலும் அவள் கண் வாசலுக்குப் போனது. நாளுக்கு நாள் அவள் எலும்பாகிக்கொண்டு வந்தாள். சடை சிக்குப் பிடித்துக் கயிறாகிவிட்டது.

கருமாதி முடிந்த வாரம், என் மனைவி கொடுத்த ரசஞ்சோற்றுடன் போனேன். ஜெயசீலன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, காதுக்கே எட்டாத அளவில் அந்தக் குழலைப் போட்டான். மேகலா தவழ்ந்து வந்து பாக்ஸின் ஒயரைப் பிடுங்கினாள். வருஷத்துக்கு ஒரு வார்த்தை பேசினால் அதிகம் என்கிற பெண், அப்பனின் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. இது பாடுனா தூக்கிருவாங்க."

நானும் அவனுமாக வெகுநேரம் முயன்றும் அந்தச் சட்டையிலிருந்து அவள் விரல்களைப் பிரிக்க முடியவில்லை.