ஒரே மாதத்தில் மூன்று அமாவாசை

எழுபதுகளில் நாங்கள் பிரெஞ்சு பேசும் ஒரு வெளிநாட்டு நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் குடியிருந்தோம். சனிக்கிழமை தோறும் அதே நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதிக்கு பஸ் ஏறிப்போய், ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் வாழ்க்கையை டைப் அடிப்பது என் வேலை. இங்கிலாந்தில் துறைமுகத் தொழிலாளர்களின் சங்கத் தலைவராக இருந்தவர். மூட்டை தூக்கி, சங்கம் கட்டி, முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுத்து, ஓய்வுபெற்றபின் இங்கே மகள் வீட்டோடு வந்துவிட்டார். அவர் நடந்தபடியே சொல்வார், நான் அடிப்பேன். வாரத்துக்கு இரண்டு வேலைநிறுத்தமாவது தேறும்.

ஒரு வருஷம் அரசாங்க பிரெஞ்சு வகுப்பில் எனக்கு இடம் கிடைத்தது. அதுவும் சனிக்கிழமை காலையில். பிரெஞ்சு தெரிந்தால்தான் ஆஸ்பத்திரி நூலகத்தில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். எனக்கோ பெரியவர்களிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. முதல் வாரம், இன்று அமாவாசை, வர இயலாது என்று ஃபோன் செய்தேன். அடுத்த வாரமும் வாயில் அமாவாசைதான் வந்தது. மூன்றாவது வாரம் கணவரைப் பேசச் சொன்னேன்.

"உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே, இதுல என்ன பயம்?" என்றார். ஃபோனை எடுத்ததும் அவரும் அமாவாசை என்றார். தன் வேலையிடத்துத் துறைத் தலைவரிடம் ஒரு நாள் லீவு கேட்க இரண்டு நாள் ஒத்திகை பார்க்கிற மனிதர்!

நாலாவது வாரம் மனசு உறுத்தி, அன்றைய வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுக் கிழவர் வீட்டுக்குப் போனேன். உங்கள் ஊரில் மாதத்துக்கு எத்தனை நிலா என்று கேட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது, வகுப்புக்காக இல்லை.

"என் வாழ்க்கை முழுக்க உன் விரல் வழியாகத்தானே போயிருக்கிறது. உனக்கு ஒன்றுகூடவா ஒட்டவில்லை?"

என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். இனி நான் முதலாளி, அவர் டைப்பிஸ்ட். மேஜையைத் தட்டி ஒவ்வொன்றாகக் கேட்டார்: சனிக்கிழமை லீவு, பதிலுக்குப் புதன்கிழமை மாலை, நடுவில் தேநீர், பனி பெய்தால் பஸ் நிறுத்தம் வரை துணை. பெரியவர் கேட்கிறார், எப்படி மறுப்பது? எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

"கொஞ்சமாவது சண்டை போட்டிருக்கலாம்" என்றார், நிஜமாகவே வருத்தப்பட்டு.

அந்தப் புதன்கிழமை அவர் சொல்லி நான் அடித்த முதல் வரி இது: வாழ்நாளில் ஒரே ஒரு தடவை முதலாளியாக இருந்தேன், அன்றைக்கும் தொழிலாளிதான் ஜெயித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடித்து முடிப்பதற்குள், ஒப்பந்தப்படி, அவரே தேநீர் போட்டுக் கொண்டுவந்தார்.

கோப்பையை வாங்கிக்கொண்டு, அடுத்த புதன்கிழமை எனக்குப் பரீட்சை, வரமாட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.