இரும்பு ஏணியும் என் ஓய்வு நாளும்

சனிக்கிழமை எனக்கு ஓய்வு நாள். இந்த ஒரு வாக்கியத்தை தாராவியில் எங்கள் சந்தில் இருக்கும் ஒருவருக்கும் என்னால் புரியவைக்க முடியவில்லை. தமிழில் சொன்னேன், இந்தியில் சொன்னேன், கத்தியும் சொன்னேன்.

“ஓய்வுன்னா சும்மா இருக்கதுதான? சும்மாத்தான இருக்க, இந்தத் தண்ணிக் கேன மேல வச்சிட்டு வா” என்றாள் அம்மா.

நான் நூறு மீட்டர் ஓடுகிறவள். படிப்பது மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில். ஓடி ஓடி மட்டும் வேகம் வராது என்பது முதல் வருடமே தெரிந்துவிட்டது. அதைப் பற்றி ஃபோனில் நான் பார்க்காத வீடியோ இல்லை. தரையை உதைக்கக் காலில் பலம் வேண்டும். அதற்கு இரும்புத் தட்டு மாட்டிய பார்பெல்லைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழ வேண்டும். அந்தப் பலம் நொடிக்குள் வெளியே பாய வேண்டும். அதற்குப் பெட்டி மேல் தாவுவதும், ஒற்றைக் காலில் துள்ளிப் போவதும். அப்புறம் முழு வேக ஓட்டம். மூன்றையும் கண்டபடி கலந்தால் மூன்றும் கெட்டுப்போகும். களைத்த காலோடு பழகினால், கால் மெதுவாக ஓடத்தான் பழகிக்கொள்ளும். அதனால் ஓட்டமும் தாவலும் முதலில், பளு கடைசியில், மறுநாள் லேசாக. முக்கியமான ஓட்டத்துக்கு முந்தின நாள் ஒன்றுமே கிடையாது. ஒன்றுமே!

இதையெல்லாம் செய்ய நான் பட்ட பாடு தனிக் கதை. ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே அங்கிருந்த ட்ரெய்னர், “மேடம், ஆப்கே லியே ட்ரெட்மில்” என்று எனக்காக ஓடும் மெஷின் இருந்த மூலையைக் காட்டினார். நான் ஓடுவதற்கு ஊரில் ரோடு இருக்கிறது ஐயா, எனக்கு அந்த இரும்பு வேண்டும் என்று அவரிடம் வாதாடி முடிப்பதற்குள் பாதி சாயங்காலம் போய்விட்டது. பளு தூக்கும் சட்டத்துக்கு முன்னால் பையன்கள் கண்ணாடியைப் பார்த்துக் கையை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் என் அண்ணன்.

ஜிம்முக்குப் போகிற செய்தி சந்துக்குத் தெரிந்ததும் எதிர்வீட்டுப் பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, பொம்பளப் புள்ள வெயிட்டு தூக்கலாமா? கெர்ப்பப்பை எறங்கிரும். நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போவண்டாமா?”

சொல்லிக்கொண்டே, விளிம்புவரை நிறைந்த கேனை என் பக்கம் தள்ளினாள். “இத மட்டும் எங்க மாடியில வச்சிரு. எனக்கு முட்டி முடியல.”

“இது வெயிட் இல்லையா பெரியம்மா?”

“ஏட்டி, இது தண்ணி.”

தூக்கிப் போய் அவள் மாடியில் டொம்மென்று வைத்தேன்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழே தையல் பட்டறைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம், மேல் அறையில் நாங்கள். அப்பா காலையில் சைக்கிளில் வடாலா பக்கம் இட்லி விற்கப் போகிறவர். ஆகவே எங்களுக்குத் தண்ணீர் குடிக்க மட்டும் போதாது. அரிசி கழுவ, ஊறப்போட, மாவாட்ட, அண்டா தேய்க்க என்று அது போய்க்கொண்டே இருக்கும். பைப்பில் சாயங்காலம் கொஞ்ச நேரம் வரும். பைப் கீழே, டிரம் மேலே. நடுவே சுவரோடு ஒட்டி நிற்கும் இரும்பு ஏணி. ஒரு கையில் கேன், மறு கையில் மேலிருந்து தொங்கும் கயிறு. இடுப்பு ஒரு பக்கம் கோண, ஒவ்வொரு படியையும் ஒற்றைக் காலால் உந்தித்தான் ஏற வேண்டும்.

இந்த வருடம் மழை விட்டு, பயிற்சியைக் கூட்டிய பிறகு என் ஓட்டம் மந்தமாகிக்கொண்டே வந்தது. முதல் அடியில் தரை காலைப் பிடித்து இழுத்தது. தாவினால் பெட்டியை யாரோ உயர்த்திவிட்டது போலிருந்தது. பார்பெல்தான் காரணம் என்று எடையைக் குறைத்தேன். பிறகு துள்ளலைக் குறைத்தேன். ஒன்றும் மாறவில்லை. ஒரு சாயங்காலம் கேனோடு ஏணி நடுவில் நின்றபோது கெண்டைக்கால் வெடவெடவென்று நடுங்கியது. அப்போதுதான் உறைத்தது. என் திட்டத்தில் ஒவ்வொரு துள்ளலும் இருந்தது, தண்ணீர் இல்லை. தினமும் பளு தூக்கிக்கொண்டு, அதைப் பளு என்று எண்ணாமலே இருந்திருக்கிறேன். வீடியோக்காரர்களின் வீட்டில் டிரம் இல்லை, சரி. எனக்குமா தோன்றாமல் போனது? “இது தண்ணி” என்று பெரியம்மா சொன்னதற்கு அவ்வளவு கோபப்பட்ட நானும் அதையேதான் நம்பியிருந்தேன்!

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு, நூறு மீட்டரில் எங்கள் கல்லூரிக்கு ஒரே இடம். தேர்வு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் பைப் கரகரத்துத் தண்ணீர் வந்தது. அம்மா கேன்களை நிரப்பினாள். நான் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

“எந்திரிட்டி.”

“நாளைக்கு செலக்‌ஷன்மா. இன்னைக்கு ஒரு கேன்கூடத் தூக்க மாட்டேன்.”

“அப்ப நாளைக்கு இட்லி?”

“அண்ணன் இருக்கான்ல?”

வாசலில் தலை வாரிக்கொண்டிருந்த அண்ணன் திரும்பவே இல்லை. “நேத்து ஜிம்முல எனக்கு ஷோல்டர். செம வலி.”

“ஏணியில தோளா ஏறுது? கால்தான ஏறுது? ஓ, நீ கைய மட்டும்தான வளக்க, உன் கால் ஜிம்முக்கே வராதே!”

எதிர்வீட்டில் பெரியம்மா சிரித்துவிட்டாள். அவன் முகம் கறுத்தது, சீப்பு நிற்கவில்லை.

அம்மா எங்கள் வழக்கைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. என்னை ஒதுக்கிவிட்டுக் கேனோடு தானே ஏறினாள். மூன்றாவது படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் உடம்பு தானாக எழுந்தது. அதுவரை அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. அம்மாவின் முட்டியா, என் ஓட்டமா என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அவன் வகிடு எடுத்துக்கொண்டிருந்தான்! நேரே போய் அவன் கையிலிருந்த சீப்பைப் பிடுங்கினேன்.

“தூக்கு.”

“சீப்பக் குடு.”

“டிரம் நெறஞ்சப்புறம்.”

சந்தே பார்த்துக்கொண்டிருந்ததால் தூக்கினான். முதல் கேனை வீறாப்பாக. இரண்டாவதில் தொடை நடுங்கி, பாதித் தண்ணீர் ஏணி வழியே பட்டறைத் துணி மூட்டைகள் மேல் கொட்டியது. உள்ளிருந்து தையல்காரர், “அரே, கப்டா! கப்டா!” என்று அலறினார். நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான். ஆனால் டிரம் நிறைந்தது.

மறுநாள் மைதானத்தில் விசில் ஊதியதும், முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. தரை என்னைப் பிடிக்கவில்லை, தள்ளியது. அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

சந்துக்குத் திரும்பியபோது அப்பா காலி அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகப் பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எல்லாம் தண்ணி தூக்குன பலம். சின்ன வயசுல இருந்து தூக்குதால்லா!”

“அதான நானும் சொல்லுதேன். பொறவு ஜிம்முக்கு எதுக்குத் துட்டு?”

“அப்பா, நேத்து நான் தூக்கல. தூக்காததுனாலதான் ஓடினேன்” என்றேன். பைப் கரகரத்துவிட்டது, ஆளாளுக்குக் கேனை எடுக்க ஓடினார்கள். என் பேச்சு யார் காதிலும் விழவில்லை.

அம்மா என் பக்கம் ஒரு கேனை நீட்டினாள்.

“அண்ணன் எங்க?”

“மேல படுத்திருக்கான். பாவம், காலெல்லாம் வலியாம், தைலம் போட்டு விட்டிருக்கேன். இன்னைக்கு ஒரு நாளு ஓய்வா கெடக்கட்டும்.”

ஓய்வு! தமிழிலும் இந்தியிலும் நான் தொண்டை கிழியச் சொல்லியும் இவர்களுக்குப் பிடிபடாத சொல். கேனை வாங்கவில்லை. கயிற்றைக்கூடப் பிடிக்காமல் ஏணியில் ஏறிப்போய் அவன் போர்வையை உருவினேன்.