தகரமூடியில் விழுந்த மழை

எண்பத்தொன்பதில் நாட்டுக் கிளர்ச்சியால் பல்கலைக்கழகம் பல மாதங்கள் மூடிக் கிடந்தது. வீட்டிலிருந்தே படிக்கும் வெளிவாரி மாணவர்களுக்குப் புள்ளிவிபரவியல் கற்பித்த பத்மாதேவி சும்மா இருக்கவில்லை. கண்டியில் தன் வாடகை வீட்டு முற்றத்தில் தகரமூடி ஒன்றைக் கவிழ்த்துவைத்து, தூறல் விழும் ஓசையைக் கசட்டில் பதிந்தார். முன்னால் தன் குரலில் விளக்கம். பத்து விநாடிக்கு எத்தனை துளி என்று எண்ணி எழுதும்படி முப்பத்தேழு பேருக்குத் தபாலில் அனுப்பினார். கண்டபடி விழுவதற்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு. அதைக் காதால் அறியட்டும் என்பது அவர் ஆசை.

முப்பத்தாறு பேருக்குச் சராசரி நான்கை ஒட்டி வந்தது. கலஹாவில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலைசெய்த செல்லப்பாவுக்கு மட்டும் மூன்று தசம் இரண்டு.

"மழையை எண்ணச் சொன்னா ஆர் அக்கா எண்ணுவினம்?" என்றார் கூடவிருந்து விடைத்தாள்களைத் திருத்திய யோகேந்திரன். "வாயில வந்ததை எழுதியிருக்கிறார். பரீட்சைப் பட்டியலில இருந்து பேரை வெட்டவேணும். அதுதான் விதி."

"பொறும். கள்ளமா எழுதிற ஆள் மூண்டு, நாலு, மூண்டு எண்டு சீராத்தான் எழுதும். இதில சைபரும் கிடக்கு, ஒன்பதும் கிடக்கு. இவர் எண்ணியிருக்கிறார்."

"அப்ப ஏன் குறைஞ்சது?"

அது பத்மாதேவிக்கும் விளங்கவில்லை. சோறு வடிக்கும்போதும் அதே யோசனை. கடிதம் போட்டுச் செல்லப்பாவை வரவழைத்தார். முப்பத்தைந்து வயது மனிதர். கதிரை நுனியில் உட்கார்ந்தார்.

"எதைப் பாத்து நேரம் பிடிச்சனீங்கள்?"

"கைக்கடிகாரம் மிஸ். ரேடியோவுக்குச் சரியா வச்சது." தயங்கினார். "ஒண்ணு கேக்கலாங்களா? கசட்டுல ஒரு ஐயா பாடம் சொல்றாரு. நீங்க எப்ப பேசுவீங்கன்னு கடைசிவரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

கசட்டில் பேசியது பத்மாதேவி ஒருவர்தான்.

"பற்றரி எப்ப போட்டனீங்கள்?"

"போன தீபாவளிக்குங்க."

பத்மாதேவி எழுந்துபோய், மேசை லாச்சிக்குள் கிடந்த பழைய பற்றரிகளை ரெக்கோடரில் போட்டு ஓடவிட்டார். கட்டைக் குரலில் யாரோ பாடம் நடத்தத் தொடங்கினார்.

"வணக்கம் ஐயா!" என்று யோகேந்திரன் கும்பிட்டார். மூவரும் சிரித்து அடங்கி, துளிகளை எண்ணினார்கள். நான்குக்குக் கீழேதான் வந்தது.

"அப்ப உங்கட பிளேயர் எவ்வளவு மெதுவா ஓடியிருக்கு?" என்று பத்மாதேவி கேட்டார்.

செல்லப்பா கடித உறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். "அஞ்சுல ஒரு பங்கு கொறைவுங்க."

யோகேந்திரன் புள்ளியைப் பதிந்தார். செல்லப்பா பரீட்சைக்குப் போகலாம். ஆனால் அவர் எழும்பவில்லை.

"மெதுவா ஓடி எண்ணிக்கை கொறைஞ்சும் மழையோட ஒழுங்கு மாறலையே, அது ஏன் மிஸ்?"

ஊரடங்குக்கு முந்திய கடைசி பஸ்ஸுக்கு அரைமணி இருந்தது. பத்மாதேவி கதிரையை மேசைப் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டார்.